ஐபிஎம் ஐ சர்வரில் டேப் பேக்கப்பும் அன்றாடப் பராமரிப்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரை, கப்பலூர், திருமங்கலம், திண்டுக்கல், ராஜபாளையம் பக்கம் ஐபிஎம்மின் மிட்ரேஞ்ச் சர்வரில் கணக்கு ஓட்டும் நூற்பாலைகளிலும் மொத்த வியாபாரக் கடைகளிலும் பெரும்பாலும் ஒரே ஒரு ஆபரேட்டர்தான் இருப்பார். சந்தேகம் வந்தால் பக்கத்தில் கேட்க ஆள் கிடையாது. அப்படிப்பட்டவர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை, அவர்கள் கேட்ட வாக்கிலேயே இங்கே தொகுத்திருக்கிறோம்.

கட்டளைகளை வாயால் சொல்கிறபடி எழுதியிருக்கிறோம். சுருக்கெழுத்து நினைவுக்கு வராவிட்டால் ‘கோ கமாண்ட்டேப்’ என்ற மெனுவில் டேப் கட்டளைகள் எல்லாம் இருக்கும். எதை எடுத்தாலும் எஃப்4 அழுத்தினால் நிரப்ப வேண்டிய கட்டங்கள் வந்துவிடும்.

1. எங்க ஆபீஸ்ல ஏஎஸ்/400ன்னு சொல்றாங்க, ஏஎம்சி (பராமரிப்பு ஒப்பந்தம்) பேப்பர்ல பவர் சிஸ்டம்னு இருக்கு. ரெண்டும் ஒண்ணாண்ணே?

ஒரே குடும்பம்தான். 1988-இல் ஏஎஸ்/400 என்று வந்தது, 2000-இல் ஐசீரிஸ் ஆனது, 2006-இல் சிஸ்டம் ஐ. 2008 முதல் மெஷினுக்குப் பவர் சிஸ்டம்ஸ் என்றும் ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கு ஐபிஎம் ஐ என்றும் பெயர். கீழே சொல்லும் கட்டளைகள் எல்லாத் தலைமுறையிலும் ஏறக்குறைய அப்படியே இருக்கும்.

பெயரைவிட ரிலீஸ் எண் முக்கியம். ‘கோ லைசென்ஸ் ப்ரோக்ராம்’ மெனுவில் 10 போட்டு எஃப்11 அழுத்தினால் தெரியும். 7.3-க்கான வழக்கமான ஆதரவு 2023 செப்டம்பரோடு முடிந்துவிட்டது. அதற்கும் கீழே இருந்தால் முதலாளியிடம் இன்றே சொல்லிவிடுங்கள்.

2. இந்தக் காலத்துல டேப் எதுக்கு? ஒரு யூஎஸ்பி ஹார்ட் டிஸ்க்கோ கிளவுடோ பத்தாதா?

டேப்பின் பெரிய பலம், வெளியே எடுத்துவிட்டால் அதை யாராலும் தொட முடியாது என்பதுதான். ரேன்சம்வேர் ஆபீஸ் பிசியில் புகுந்தால் நெட்வொர்க்கில் பகிர்ந்து வைத்திருக்கும் ஃபோல்டர்களையெல்லாம் பூட்டும். ஐபிஎம் ஐ சர்வரின் ஐஎஃப்எஸ் (பிசியில் இருப்பது மாதிரி சாதாரண ஃபைல்கள் கிடக்கும் பகுதி) ஃபோல்டரை விண்டோஸில் டிரைவாக மேப் செய்திருந்தால் அதுவும் தப்பாது. எப்போதும் செருகியே இருக்கும் ஹார்ட் டிஸ்க்கும் தப்பாது. அலமாரிக்குள் இருக்கும் டேப் தப்பும்.

இன்னொன்று: முழு சிஸ்டம் சேவ் செய்த டேப்பிலிருந்து மெஷினை நேரடியாக எழுப்பலாம். அதைத்தான் டி மோடு ஐபிஎல் என்கிறோம் (ஐபிஎல் என்றால் மெஷினை எழுப்புவது). கிளவுட் வேண்டாம் என்று சொல்லவில்லை, கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் 2 டிபி டேட்டாவை ஆபீஸ் பிராட்பேண்டில் திரும்ப இறக்க எத்தனை நாள் ஆகும் என்று ஒரு தடவை கணக்குப் போட்டுப் பாருங்கள்.

3. டேப் வாங்கக் கடைக்குப் போனா எல்டிஓ-6, 7, 8, 9ன்னு கேக்குறாங்க. எதை வாங்குறது?

எல்டிஓ என்பது டேப் வகை, பின்னால் வரும் எண் தலைமுறை. உங்கள் டிரைவ் எந்தத் தலைமுறையோ அதே தலைமுறை டேப்பை வாங்குங்கள். சுருக்கு இல்லாத கொள்ளளவு: எல்டிஓ-6 என்றால் 2.5 டிபி, 7 என்றால் 6, 8 என்றால் 12, 9 என்றால் 18. பெட்டியில் பெரிதாக அச்சடித்திருக்கும் 30, 45 டிபி எல்லாம் இரண்டரை மடங்கு சுருங்கும் என்று வைத்துச் சொல்வது. உங்கள் டேட்டா அவ்வளவு சுருங்கும் என்று நம்பித் திட்டம் போடாதீர்கள்.

டிரைவை மாற்றும்போதுதான் சிக்கல். எல்டிஓ-7 வரை டிரைவ்கள் இரண்டு தலைமுறை பழைய டேப்பைப் படிக்கும், ஒரு தலைமுறை பழையதில் எழுதும். எல்டிஓ-8 அப்படி இல்லை: அது 8-ஐயும் 7-ஐயும் மட்டும்தான் ஏற்கும். 9 ஏற்பது 9-ஐயும் 8-ஐயும் மட்டும். எல்டிஓ-6 டேப்பில் பழைய ஆண்டுக் கணக்கை வைத்துக்கொண்டு டிரைவை 8-க்கு மாற்றினால், அந்த டேப்பைப் படிக்க ஆபீஸில் எதுவும் இருக்காது. 15-ஆம் கேள்வியில் இது மறுபடி வரும்.

4. புது டேப்பைப் போட்டா எரர் அடிக்குது. டேப் பழுதா?

பெரும்பாலும் பழுது இல்லை. புது டேப்புக்கு முதலில் பெயர் வைக்க வேண்டும். ‘இனிஷியலைஸ் டேப்’ கட்டளையில் டிவைஸ் டேப்01, புது வால்யூம் பெயர், ‘செக்’ என்ற இடத்தில் நோ. பெயர் ஆங்கில எழுத்தும் எண்ணுமாக அதிகபட்சம் ஆறு. கார்ட்ரிட்ஜ் முதுகில் ஒட்டும் லேபிளில் அதே பெயரை எழுதுங்கள். உள்ளே ஒரு பெயர், வெளியே வேறு பெயர் என்று இருந்தால் அவசர நேரத்தில் தப்பான டேப்பை அழித்துவிடுவீர்கள். அதே காரணத்துக்காகத்தான் பழைய டேப்பில் ‘செக் நோ’ போடவே கூடாது. அது உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் அழித்துவிடும்.

எல்டிஓ-9-க்கு ஒரு விசேஷம் உண்டு. புத்தம்புது கார்ட்ரிட்ஜை முதன்முதலாகப் போடும்போது டிரைவ் அதை அளந்து பார்த்துக்கொள்ளும். சராசரியாக 40 நிமிடம், சில நேரம் 2 மணி நேரம் வரை ஆகும். தொங்கிவிட்டது என்று நினைத்துப் பவரை நிறுத்தாதீர்கள். ராத்திரி பேக்கப்புக்குப் புது டேப்பை நேராகப் போடாமல் பகலிலேயே ஒரு தடவை ஏற்றி இறக்கி வையுங்கள்.

இவை எதுவும் இல்லையென்றால் இரண்டு விஷயம் பாருங்கள். கார்ட்ரிட்ஜ் ஓரத்தில் உள்ள பூட்டுச் சின்னம் போட்ட நகர்த்தி ‘பூட்டு’ பக்கம் இருக்கிறதா? ‘வொர்க் கான்ஃபிகரேஷன் ஸ்டேட்டஸ்’ திரையில் டேப்01 ‘வேரி ஆஃப்’ (செயல்படாத நிலை) ஆகிக் கிடக்கிறதா?

5. மொத்தம் எத்தனை டேப் வேணும்? அஞ்சு வச்சு ஓட்டலாமா?

ஐந்து போதாது. தப்பு நடந்தது ஒரு வாரம் கழித்துத் தெரியவந்தால் ஐந்து டேப்பிலும் அந்தத் தப்பு ஏறியிருக்கும்.

திங்கள் முதல் வெள்ளி வரை 5. சனிக்கிழமைக்கு 5, ஐந்து சனி வரும் மாதம் உண்டு என்பதால். மாதக் கடைசிக்கு 12. முழு சிஸ்டம் சேவுக்கு 3, சுழற்சியில். ஆக 25. இருப்பில் 2 புது டேப், 1 கிளீனிங் டேப். மார்ச் 31 முடிந்து எடுக்கும் ஆண்டு டேப் இந்தச் சுழற்சியில் சேராது. ஒவ்வொரு வருடமும் புதிதாக ஒன்று வாங்கி, எழுதி, பூட்டுப் பக்கம் நகர்த்தி எடுத்து வைத்துவிட வேண்டும்.

6. ‘கோ சேவ்’ மெனுவில 21, 22, 23ன்னு இருக்கே. எதை எப்பப் போடணும்?

21 என்றால் மெஷினில் உள்ள அத்தனையும்: லைசென்ஸ்டு இன்டர்னல் கோடு (ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கும் அடியில் ஓடும் ஐபிஎம் கோடு), ஆபரேட்டிங் சிஸ்டம், யூசர் ப்ரொஃபைல்கள், கான்ஃபிகரேஷன், எல்லா லைப்ரரிகள் (ஃபைல்களும் ப்ரோக்ராம்களும் இருக்கும் தொகுப்புகள்), ஐஎஃப்எஸ். 22 என்றால் ஐபிஎம் கொடுத்த சிஸ்டம் பகுதி மட்டும். 23 என்றால் உங்களுடைய டேட்டா எல்லாம், ப்ரொஃபைலும் கான்ஃபிகரேஷனும் சேர்த்து.

மாதம் ஒரு முறை 21, வாரம் ஒரு முறை 23, தினமும் ராத்திரி உங்கள் டேட்டா லைப்ரரிகள்: சின்ன ஆபீஸுக்கு இது நன்றாகப் பொருந்தும். மாதாமாதம் 21 முடியாது என்றால் பிடிஎஃப் (PTF: ஐபிஎம் தரும் மென்பொருள் திருத்தம்; ஆவண PDF அல்ல) போடும் முன்னும் பின்னும், புது ரிலீஸுக்குப் போகும் முன்னும் பின்னும் கட்டாயம். 22-ஐத் தனியாகப் போடுவதில் எங்களுக்கு நம்பிக்கை இல்லை. மெஷினை நிறுத்துவதென்று முடிவெடுத்த பிறகு இன்னும் கொஞ்ச நேரம் கொடுத்து 21 போட்டுவிடலாம்.

7. 21 போட்டா எல்லாரும் வெளிய வரணுமா? ராத்திரி ஷிஃப்ட் ஓடுற மில்லுல என்ன செய்றது?

ஆமாம், வரவேண்டும். 21 எல்லா சப்சிஸ்டத்தையும் (ஜாப்கள் ஓடும் பகுதிகள்) நிறுத்தி, கன்சோல் (மெஷினின் தலைமைத் திரை) ஒன்று மட்டும் வேலை செய்யும் நிலைக்கு மெஷினைக் கொண்டுபோகும். அதனால் கன்சோலில் உட்கார்ந்துதான் இதைப் போட வேண்டும். உங்கள் மேஜையில் உள்ள சாதாரண எமுலேட்டர் திரை அறுந்துவிடும். மில்லில் ஷிஃப்ட் மாறும் நேரத்தில் இதை நுழைக்கப் பார்க்காதீர்கள். வாராந்திர விடுமுறை ராத்திரியோ பொங்கல், தீபாவளி விடுமுறையோ பார்த்து, எடை மேடை, கேட் பாஸ் என்று எல்லா இடத்துக்கும் முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள்.

21-ஐத் தேர்ந்ததும் வரும் கேள்விகளில் மூன்றைக் கவனியுங்கள். ‘செக் ஃபார் ஆக்டிவ் ஃபைல்ஸ்’ ஒய் இருந்தால் அழிக்கக் கூடாத டேப்பைப் போட்டுவிட்டாலும் நிறுத்திக் கேட்கும். ‘அன்மவுன்ட் ஃபைல் சிஸ்டம்ஸ்’ ஒய். ‘பிரிண்ட் சிஸ்டம் இன்ஃபர்மேஷன்’ ஒய் போட்டால் சிஸ்டம் வேல்யூ, கான்ஃபிகரேஷன் பட்டியல் எல்லாம் ஸ்பூல் ஆகும் (அச்சுக்குக் காத்திருக்கும்). மெஷின் மொத்தமாகப் போன அன்று அந்தக் காகிதம் கையில் இருந்தால் பாதி வேலை குறையும். அச்சடித்து டேப்போடு வெளியூருக்கு அனுப்புங்கள்.

8. காலைல வந்தா டேப் வெளிய தள்ளியிருக்கு. அப்ப பேக்கப் ஆயிருச்சுன்னுதானே அர்த்தம்?

இல்லை. இந்தத் தொகுப்பில் ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். டேப் வெளியே வந்தது என்றால், கடைசிக் கட்டளையில் ‘அன்லோட்’ என்று எழுதியிருந்தது என்று மட்டும்தான் அர்த்தம். பத்து லைப்ரரியில் மூன்று விட்டுப்போயிருந்தாலும் டேப் வெளியே வரும்.

பார்க்க வேண்டியது ஜாப் லாக், அதாவது அந்த வேலை ஓடியபோது மெஷின் எழுதிய குறிப்பு. பேக்கப் ஜாப்பின் ஜாப் டிஸ்க்ரிப்ஷனில் லாக்கிங் லெவலை 4, சிவியாரிட்டி 00, ‘செக்லெவல்’ என்று வைத்தால், ஜாப் நல்லபடி முடிந்தாலும் லாக் ஸ்பூலில் தங்கும். அதில் ஒவ்வொரு லைப்ரரிக்கும் ஒரு வரி இருக்கும்: இத்தனை ஆப்ஜெக்ட் (ஃபைல், ப்ரோக்ராம் போன்றவை) சேவ் ஆனது, இத்தனை ஆகவில்லை. ‘ஆகவில்லை’ என்ற எண் பூஜ்யமாக இல்லாவிட்டால் அந்த லைப்ரரி முழுதாக டேப்பில் இல்லை. மேலே போய் எந்த ஃபைல், ஏன் என்று பாருங்கள்.

அதோடு ‘டிஸ்ப்ளே டேப்’ கட்டளையை ‘லேபிள்ஸ்’ என்று போட்டு அச்சடியுங்கள். தேதி இன்றையதா, லைப்ரரி எண்ணிக்கை நேற்றுப் போலவே இருக்கிறதா? ஒரு நோட்டில் தேதி, டேப் பெயர், ஆரம்பித்த நேரம், முடிந்த நேரம், விட்டுப்போன ஆப்ஜெக்ட் எண்ணிக்கை, கையெழுத்து. இந்த ஐந்து நிமிட வேலையைச் செய்கிற ஆபீஸுக்கும் செய்யாத ஆபீஸுக்கும் உள்ள வித்தியாசம் மெஷின் படுத்த அன்றுதான் தெரியும். அன்று தெரிந்து பிரயோஜனம் இல்லை.

9. ஸ்டாக் மாஸ்டர் ஃபைல் மட்டும் தினமும் சேவ் ஆக மாட்டேங்குது. ஏன்?

யாரோ அதைத் திறந்து வைத்திருக்கிறார்கள். சேவ் நடக்கும்போது ஃபைலில் யாரும் எழுதக் கூடாது என்று மெஷின் ஒரு பூட்டுப் போடும். எழுதத் திறந்திருக்கும் ஜாப் ஒன்று இருந்தால் பூட்டுக் கிடைக்காது, ஃபைலை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். ‘வொர்க் ஆப்ஜெக்ட் லாக்’ போட்டால் எந்த ஜாப் என்று தெரியும். பல நேரம் அது குடோனில் ‘சைன் ஆஃப்’ செய்யாமல் போன ஒரு திரையாக இருக்கும். அல்லது இரவெல்லாம் ஓடும் பார்கோடு இன்டர்ஃபேஸ்.

பேக்கப்புக்கு முன் இன்டராக்டிவ் சப்சிஸ்டத்தை நிறுத்திவிட்டு, முடிந்ததும் தொடங்குவதுதான் சுத்தமான வழி. அது முடியாத இடத்தில் ‘சேவ் வைல் ஆக்டிவ்’ பயன்படுத்தலாம்: சேவ்லிப் (லைப்ரரியைச் சேவ் செய்யும்) கட்டளையில் சேவ் ஆக்டிவ் ‘சிங்க்லிப்’. எல்லா லைப்ரரிக்கும் ஒரே கணத்தில் செக்பாயின்ட் பிடிக்கும், அதாவது அந்தக் கணத்து நிலையைக் குறித்துக்கொள்ளும். செக்பாயின்ட் கிடைத்ததும் குறித்த மெசேஜ் க்யூவுக்குச் செய்தி வரும், அதன்பின் ஆட்கள் உள்ளே வரலாம். செக்பாயின்ட் பிடிக்கும் அந்தச் சில நிமிடம் மட்டும் யாரும் எழுதாமல் இருந்தால் நல்லது. பில் போட்டுக்கொண்டிருக்கும்போது பிடித்தால் பில் தலைப்பு டேப்பில் இருக்கும், அதன் வரிகள் இல்லாமல் போகலாம். கமிட்மென்ட் கன்ட்ரோல் (தொடர்புள்ள பதிவுகளை ஒன்றாகவே ஏற்றும் வசதி) இல்லாத பழைய ப்ரோக்ராம்களில் இந்த ஆபத்து நிஜம்.

10. லைப்ரரி எல்லாம் சேவ் பண்றோம். அப்புறமும் ஈ-இன்வாய்ஸ் பிடிஎஃப் டேப்ல இல்லையாமே?

சேவ்லிப் லைப்ரரிகளை மட்டும்தான் எடுக்கும். ஈ-இன்வாய்ஸ் ஜேசான், ஈ-வே பில் பிடிஎஃப், ஸ்கேன் செய்த டிசி (டெலிவரி சலான்) எல்லாம் ஐஎஃப்எஸ் ஃபோல்டரில் கிடக்கும். அதற்குத் தனியாக ‘சேவ்’ கட்டளை வேண்டும்: மூலத்திலிருந்து எல்லாம், க்யூசிஸ்.லிப், க்யூடிஎல்எஸ் இரண்டையும் விலக்கி. யூசர் ப்ரொஃபைலுக்கு ‘சேவ் செக்யூரிட்டி டேட்டா’, டிவைஸ்களுக்கு ‘சேவ் கான்ஃபிகரேஷன்’. தினசரிப் ப்ரோக்ராமில் இந்த மூன்று வரியும் இருக்கிறதா என்று இன்றே திறந்து பாருங்கள். பதினைந்து வருடம் முன்பு எழுதிய ப்ரோக்ராமில் இருக்க நியாயமில்லை; அப்போது ஈ-இன்வாய்ஸே கிடையாது.

11. நடுராத்திரி ‘அடுத்த டேப்பைப் போடு’ன்னு மெசேஜ் வந்து அப்படியே நிக்குது. டேட்டா அவ்வளவு இல்லையே?

சேவ் கட்டளையில் சீக்வென்ஸ் நம்பர் என்ன என்று பாருங்கள். எதுவும் போடாவிட்டால் ‘எண்ட்’ என்று எடுத்துக்கொள்ளும். அதாவது டேப்பில் ஏற்கெனவே உள்ளதன் பின்னால் ஒட்டும். போன வாரத்துத் திங்கள், அதற்கு முந்தின திங்கள் என்று எல்லாம் சேர்ந்து ஒரு நாள் நிரம்பும்.

திருத்தம் எளிது. ராத்திரி ப்ரோக்ராமில் முதல் சேவ் மட்டும் சீக்வென்ஸ் 1, ‘கிளியர் ஆல்’. அடுத்தவை எல்லாம் ‘எண்ட்’. கடைசியில் மட்டும் ‘அன்லோட்’, மற்றவற்றில் ‘லீவ்’. ‘கிளியர் ஆல்’ கேள்வி கேட்காமல் அழிக்கும் என்பதால், வால்யூம் பெயரையும் கட்டளையில் கொடுங்கள். திங்கள் டேப்புக்குப் பதில் மாதக் கடைசி டேப் உள்ளே இருந்தால் மெஷின் ஏற்காமல் நிறுத்திவிடும். நின்று போன பேக்கப்பை மறுநாள் சரிசெய்யலாம், அழிந்த மாத டேப்பை முடியாது.

12. ஒண்ணரை மணி நேரத்துல முடிஞ்ச பேக்கப் இப்ப நாலு மணி நேரம் ஆகுது. டிரைவை மாத்தணுமா?

முதலில் டேட்டாவைச் சந்தேகப்படுங்கள். ஐஎஃப்எஸ்ஸில் லட்சக்கணக்கில் குட்டிக் குட்டி ஃபைல் சேர்ந்தால் மொத்த அளவு குறைவாக இருந்தாலும் நேரம் இழுக்கும். ஒவ்வொன்றையும் திறந்து மூட வேண்டும் இல்லையா. மெஷின் டேட்டாவை மெதுவாகக் கொடுத்தால் டிரைவ் நிற்கும், பின்னால் சுற்றும், மறுபடி ஓடும். அந்த ‘கிர்ர்… டக்… கிர்ர்’ சத்தம் காதில் விழும். இது டேப்பையும் ஹெட்டையும் தேய்க்கும். பழைய மாத ஃபைல்களை ஒரு ஜிப்பாகவோ சேவ் ஃபைலாகவோ கட்டி வைத்தால் பிரச்சினை குறையும்.

டேட்டா கூடவில்லை என்றால் ‘பிரிண்ட் எரர் லாக்’ கட்டளையில் டைப் ‘வால்ஸ்டாட்’ போடுங்கள். டேப் வாரியாக எழுதும்போதும் படிக்கும்போதும் வந்த பிழைகள் வரும். ஒரே ஒரு டேப்பில் மட்டும் எண் எகிறியிருந்தால் டேப் கிழடாகிவிட்டது, ஒதுக்குங்கள். எல்லா டேப்பிலும் ஏறியிருந்தால் டிரைவ் அழுக்கு, அல்லது ஹெட் தேய்மானம். நூற்பாலைகளில் இது கூடுதலாக வரும்: சர்வர் அறைக் கதவு ஸ்பின்னிங் பக்கம் திறந்தால் பஞ்சுத் தூசி டிரைவ் வாய் வரை வந்துசேரும். கதவுக்கு ரப்பர் ஓரம், ஏசி ஃபில்டர் மாதம் இருமுறை கழுவுதல், டேப்பை எப்போதும் பெட்டிக்குள் வைத்தல்: மூன்றும் டிரைவ் விலையோடு பார்த்தால் மிக மலிவு.

13. கிளீனிங் டேப் வாரா வாரம் போடணுமா?

வேண்டாம். டிரைவ் கேட்கும்போது போட்டால் போதும். ஐபிஎம் டிரைவின் ஒற்றை எழுத்துத் திரையில் ‘சி’ காட்டும், மஞ்சள் விளக்கு எரியும். கிளீனிங் டேப் ஹெட்டைத் தேய்க்கிற பொருள், வெறுமனே போட்டால் ஆயுள் குறையும். ஐபிஎம்மின் யுனிவர்சல் கிளீனிங் கார்ட்ரிட்ஜை 50 தடவை பயன்படுத்தலாம். ஒவ்வொரு முறையும் மேலே கோடு போட்டுக்கொள்ளுங்கள். கிளீன் செய்த மறுநாளே மறுபடி ‘சி’ வந்தால் டிரைவைப் பார்க்க ஆள் கூப்பிடுங்கள்.

ஆயுத பூஜை அன்று சர்வருக்குப் பொட்டு வைப்பது நம் வழக்கம், வையுங்கள். சந்தனமும் குங்குமமும் ரேக் கதவின் மேல் இருக்கட்டும். விபூதியும் சூடப் புகையும் டிரைவ் வாய்க்கும் முன்பக்கக் காற்றுத் துளைகளுக்கும் பக்கத்தில் போகக் கூடாது. மெல்லிய தூள் உள்ளே போனால் கிளீனிங் டேப்பால் வராது.

14. டேப்பை எங்க வைக்கிறது? நான் வீட்டுக்கு எடுத்துட்டுப் போறேன், சரிதானே?

மெஷின் இருக்கும் கட்டடத்தில் வைக்கக் கூடாது என்பது சரி. ஆனால் வண்டி டிக்கியில் போட்டுச் சித்திரை வெயிலில் நிறுத்துவது தவறு. நீண்ட காலம் வைக்கும் டேப்புக்கு 16 முதல் 25 டிகிரி, ஈரப்பதம் 20 முதல் 50 சதவீதம் என்பது ஐபிஎம் சொல்லும் அளவு. மே மாத மதுரையில் மூடிய டிக்கி அதையெல்லாம் தாண்டிவிடும். சூட்டில் கிடந்த டேப்பை உடனே டிரைவில் போடாதீர்கள். எவ்வளவு நேரம் வெளியே கிடந்ததோ அவ்வளவு நேரம், அதிகபட்சம் 24 மணி நேரம், சர்வர் அறையில் ஆறவிடுங்கள். கீழே விழுந்த கார்ட்ரிட்ஜில் உள்ளே இருக்கும் லீடர் பின் நகர்ந்திருக்கலாம். சின்னக் கதவை நகர்த்திப் பின் நேராக இருக்கிறதா என்று பார்க்காமல் போட்டால் டிரைவுக்குள் சிக்கும்.

நல்ல இடம், வேறு ஊர்க் கிளை: விருதுநகர், திண்டுக்கல் மாதிரி. அல்லது வங்கி லாக்கர். தரைத்தளத்து பீரோவின் அடித்தட்டு வேண்டாம்; வைகைக்கும் கண்மாய்களுக்கும் பக்கத்துத் தெருக்களில் ஒரு மழைக்கே தண்ணீர் ஏறுவதைப் பார்க்கிறோம். அழகர் ஆற்றில் இறங்கும் அன்று நகருக்குள் வண்டி போகாது, ஆபீஸும் விடுமுறை. அந்த வார டேப்பை இரண்டு நாள் முன்பே அனுப்பிவிடுங்கள்.

15. பழைய டேப்பை எத்தனை வருஷம் வைக்கணும்? ஆடிட்டர் ஒண்ணு சொல்றார், முதலாளி ஒண்ணு சொல்றார்.

கம்பெனிகள் சட்டம் 2013, பிரிவு 128 கணக்குப் புத்தகங்களை 8 நிதியாண்டு வைக்கச் சொல்கிறது. ஜிஎஸ்டி சட்டத்தின் பிரிவு 36, அந்த வருடத்துக்கான ஆண்டு ரிட்டர்ன் கெடு தேதியிலிருந்து 72 மாதம் என்கிறது. அப்பீலோ விசாரணையோ நிலுவையில் இருந்தால் இன்னும் நீளும். நிறுவனங்கள் மின்னணுக் கணக்கின் பேக்கப்பை இந்தியாவில் உள்ள சர்வரில் தினசரி வைத்திருக்க வேண்டும் என்று 2022 ஆகஸ்டில் விதி திருத்தப்பட்டது. டேப் மட்டும் இதற்குப் போதுமா என்பதை உங்கள் ஆடிட்டரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். 8-ஆம் பதிலில் சொன்ன நோட்டும் ஜாப் லாக்கும் அவர் கேட்கும் ஆதாரம்.

எட்டு வருடம் டேப் வைப்பது என்றால் எட்டு வருடம் அதைப் படிக்கும் டிரைவும் வேண்டும். டிரைவ் மாறும்போது ஆண்டு டேப்புகளைப் பழைய டிரைவிலிருந்து இறக்கிப் புதியதில் மறுபடி எழுதிவிடுங்கள். அதுவரை பழைய டிரைவைக் கழித்துக்கட்டாதீர்கள்.

16. டிஸ்க் 91% ஆயிருச்சுன்னு மெசேஜ் வருது. எதை அழிக்கலாம்?

90 சதவீதம் என்பது மெஷினோடு வரும் எச்சரிக்கை எல்லை. சிஸ்டம் ஏஎஸ்பி (மெஷினின் முக்கிய டிஸ்க் இடம்) 100 தொட்டால் மெஷின் விழுந்துவிடும், ஆகவே இந்த மெசேஜை நாளைக்குத் தள்ளாதீர்கள். ‘வொர்க் சிஸ்டம் ஸ்டேட்டஸ்’ திரையில் சதவீதத்தைப் பத்து நிமிட இடைவெளியில் இரண்டு தடவை பாருங்கள். ஏறிக்கொண்டே இருந்தால் ஏதோ ஒரு ஜாப் சுழலில் மாட்டியிருக்கிறது. ‘வொர்க் ஆக்டிவ் ஜாப்’பில் கண்டுபிடித்து முதலில் அதை நிறுத்துங்கள்.

நின்றிருந்தால் சுத்தம் செய்யும் வரிசை இது. முதலில் ஸ்பூல் ஃபைல்கள், குறிப்பாக க்யூஈஸிஜாப்லாக் அவுட் க்யூ. அடுத்து ஜர்னல் ரிசீவர் (ஃபைல் மாற்றங்கள் பதிவாகும் இடம்): ‘சேஞ்ச் ஜர்னல்’ கட்டளையில் ‘ஜென்’ கொடுத்துப் புது ரிசீவர் மாட்டி, பழையவற்றை டேப்பில் சேவ் செய்த பிறகு அழியுங்கள். சேவ் ஆகாத ரிசீவரை அழிக்கலாமா என்று மெஷின் கேட்டால் ‘ஐ’ அடிக்கும் முன் யோசியுங்கள், ஆடிட் தடம் அதில்தான் இருக்கிறது. மூன்றாவதாக, அழித்த ரெக்கார்டுகள் இடம் பிடித்திருக்கும் பெரிய ஃபைல்களுக்கு ‘ரீஆர்கனைஸ்’. அந்த ஃபைலின் அளவுக்கு ஏறக்குறைய இன்னொரு மடங்கு இடம் தற்காலிகமாக வேண்டும் என்பதால் 97 சதவீதத்தில் நின்றுகொண்டு அதைத் தொடாதீர்கள். பழைய சேவ் ஃபைல்களும் யாரோ டெஸ்டுக்கு எடுத்த லைப்ரரிப் பிரதிகளும் எங்கே இருக்கின்றன என்று ‘ரிட்ரீவ் டிஸ்க் இன்ஃபர்மேஷன்’ ராத்திரி ஓடவிட்டால் காலையில் அச்சடித்துப் பார்க்கலாம்.

17. காலைல வந்ததும் என்னென்ன பாக்கணும்?

பேக்கப் லாக் (8-ஆம் பதில்). க்யூசிஸ்ஆப்பர் மெசேஜ் க்யூவில் பதில் எதிர்பார்த்து நிற்கும் செய்திகள். டிஸ்க் சதவீதம். ‘மெசேஜ் வெயிட்’ நிலையில் நிற்கும் ஜாப்கள். ஹார்டுவேர் எரர் ஏதாவது இருக்கிறதா: ரெய்டில் (டிஸ்க்குகளைச் சேர்த்துப் பாதுகாக்கும் முறை) ஒரு டிஸ்க் போனாலும் மெஷின் ஓடிக்கொண்டே இருக்கும், இரண்டாவது போகும்போதுதான் நிற்கும். ஆகவே டிஸ்க் ஸ்டேட்டஸைத் தினமும் பாருங்கள். கடைசியாக இன்றைய டேப்பை உள்ளே வைத்து, பெயரைச் சரிபாருங்கள்.

18. யுபிஎஸ் இருக்கே, கரண்ட் போனா மெஷின் தானா பாத்துக்காதா?

யுபிஎஸ்ஸிலிருந்து சர்வருக்குச் சிக்னல் கேபிள் போட்டிருந்தால்தான் கரண்ட் போனது மெஷினுக்குத் தெரியும். கேபிள் இல்லாவிட்டால் பேட்டரி தீரும் வரை ஓடிவிட்டு ஒரேயடியாக விழும். மறுபடி எழும்போது அசாதாரண ஐபிஎல்: ஃபைல்களின் ஆக்சஸ் பாத்தை (இன்டெக்ஸ்) திரும்பக் கட்ட மணிக்கணக்கில் ஆகலாம். பொறுமையிழந்து நடுவில் பவரை அணைத்தால் நிலைமை மோசமாகும்.

கேபிள் இருந்தால் ‘க்யூயுபிஎஸ் மெசேஜ் க்யூ’, ‘க்யூயுபிஎஸ் டிலே டைம்’ என்ற இரண்டு சிஸ்டம் வேல்யூவையும் பேட்டரி உண்மையில் தாங்கும் நேரத்துக்கு ஏற்ப வையுங்கள். மின்வாரியம் முன்கூட்டி அறிவிக்கும் பராமரிப்பு மின்தடை நாளில் ஜெனரேட்டரை நம்பி இருக்காமல், நாளிதழில் வரும் பட்டியலைப் பார்த்து ‘பவர் டவுன் சிஸ்டம்’ கட்டளையை ‘கன்ட்ரோல்டு’, ஒரு டிலே நேரம் கொடுத்துப் போட்டு நிறுத்துவது நல்லது. டேப் ஓடிக்கொண்டிருக்கும்போது ஜெனரேட்டர் மாறும் அந்த ஒரு வினாடி அதிர்ச்சிக்கு டிரைவும் யுபிஎஸ்ஸில் இருக்கிறதா என்று பாருங்கள். சர்வரை மட்டும் யுபிஎஸ்ஸில் மாட்டி, வெளியே உள்ள டேப் டிரைவைச் சுவர் பிளக்கில் மாட்டியிருப்பதைப் பல இடங்களில் காணலாம்.

19. பிடிஎஃப் போடலேன்னா என்ன ஆகும்? ஓடுறதை ஏன் தொடணும்?

பாதுகாப்பு ஓட்டைகள் அப்படியே இருக்கும், டிஸ்க் மற்றும் டேப் அடாப்டர் கோளாறுகளுக்கான திருத்தமும் வராது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை க்யூமுலேட்டிவ் (மொத்தத் தொகுப்பு), ஹைப்பர் (மிக முக்கியமான திருத்தங்கள்), டேட்டாபேஸ் குரூப்களைப் பார்த்தால் போதும். ‘வொர்க் பிடிஎஃப் குரூப்’ இப்போதைய லெவலைக் காட்டும். முன்னால் ஒரு 21. பிடிஎஃப்பைத் தற்காலிகமாக அப்ளை செய்து ஒரு மாதம் ஓடிப் பார்த்த பிறகே நிரந்தரமாக்குங்கள். தற்காலிகம் என்றால் கழற்றிவிடலாம்.

20. பேக்கப் நல்லா இருக்கான்னு எப்படி நிச்சயமாத் தெரிஞ்சுக்கிறது?

திரும்ப இறக்கிப் பாருங்கள். வேறு வழி இல்லை. மாதம் ஒரு முறை, ஒரு லைப்ரரியை வேறு பெயரில்: ‘ரெஸ்டோர் லிப்’ கட்டளையில் சேவ்டு லைப்ரரி உங்கள் டேட்டா லைப்ரரி, ரெஸ்டோர் லைப்ரரி புதுப் பெயர். அந்தப் பெயரை மறந்தால் நடப்பு டேட்டா மேலேயே பழசு ஏறும், ஆகவே என்டர் தட்டும் முன் இன்னொருவரைத் திரையைப் படிக்கச் சொல்லுங்கள். இறங்கியதும் அன்றைய கடைசி பில் எண், லெட்ஜர் மொத்தம் இரண்டையும் அக்கவுன்ட்ஸ் பிரிவு கையில் உள்ள அச்சோடு ஒப்பிடுங்கள். பிறகு அந்த லைப்ரரியை அழித்துவிடுங்கள், இல்லாவிட்டால் 16-ஆம் கேள்விக்கு அதுவே காரணமாகும்.

ஒவ்வொரு மாதமும் வெவ்வேறு டேப்பை எடுங்கள், வெளியூரில் இருப்பதையும் சேர்த்து. முடிந்தால் வருடம் ஒரு முறை வேறொரு டிரைவில் படித்துப் பாருங்கள். உங்கள் டிரைவ் தான் எழுதியதைத் தான் மட்டும் படிக்கிற நிலைக்குப் போயிருக்கலாம்.

21. மெஷினே போயிருச்சு, வேற மெஷின் வந்திருக்கு. எந்த வரிசையில ஏத்தணும்?

‘கோ சேவ்’ மெனுவின் 21-இல் எடுத்த டேப்பைப் போட்டு டி மோடில் ஐபிஎல். லைசென்ஸ்டு இன்டர்னல் கோடு, பிறகு டிஸ்க் கான்ஃபிகரேஷன், பிறகு ஆபரேட்டிங் சிஸ்டம். அதன்பின் வரிசை மாறக் கூடாது: யூசர் ப்ரொஃபைல், கான்ஃபிகரேஷன், லைப்ரரிகள், டாக்குமென்ட்கள், ஐஎஃப்எஸ், கடைசியாக ‘ரெஸ்டோர் அத்தாரிட்டி’. ப்ரொஃபைல் முதலில் வராவிட்டால் ஃபைல்களுக்குச் சொந்தக்காரர் இருக்க மாட்டார். கடைசிக் கட்டளையை விட்டுவிட்டால் யாருக்கும் அனுமதி சரியாக வராது, காலையில் பாதிப் பேருக்கு மெனு திறக்காது. 21-க்குப் பிறகு எடுத்த வார, தினசரி டேப்புகளை ‘ரெஸ்டோர் அத்தாரிட்டி’க்கு முன் இறக்குங்கள்.

புது மெஷினின் சீரியல் எண் வேறு என்பதால் லைசென்ஸ் கீ பொருந்தாது. ஐபிஎம் ஐ 70 நாள் அவகாசம் தரும். உங்கள் அப்ளிகேஷன் விற்ற கம்பெனி தருமா என்பதை இப்போதே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். க்யூசெக்ஆஃபிசர் பாஸ்வேர்டு, சர்வீஸ் டூல்ஸ் பாஸ்வேர்டு இரண்டும் வேறு வேறு. இரண்டையும் உறையிலிட்டு ஒட்டி டேப்போடு வெளியூரில் வையுங்கள். டேப் என்கிரிப்ட் செய்திருந்தால் சாவி எந்த சர்வரில் இருக்கிறது என்று பாருங்கள்: எரிந்துபோன அதே அறையில் சாவி இருந்தால் டேப் இருந்தும் பயனில்லை.

22. வேண்டாத டேப்பை எப்படி ஒழிக்கிறது? பழைய இரும்புக் கடையில போட்டுரலாமா?

அப்படியே போடக் கூடாது, சம்பளப் பட்டியலும் வாடிக்கையாளர் விவரமும் அதில் படிக்கிற நிலையில் இருக்கும். ‘இனிஷியலைஸ்’ செய்தால் பெயர்தான் மாறும், பின்னால் உள்ள டேட்டா அழிவதில்லை. அதே கட்டளையில் ‘கிளியர் எஸ்’ கொடுத்தால் முழுதும் அழியும், நேரம் எடுக்கும். டீகாஸர் மூலம் காந்தத்தில் அழித்தால் தொழிற்சாலையில் எழுதிய சர்வோ தடமும் (டேப்பில் ஹெட் இடம் பார்க்கும் குறி) போய்விடும். அந்த எல்டிஓ டேப் மறுபடி எந்த டிரைவிலும் எழுதாது, ஆகவே கழிக்கும் டேப்புக்கு மட்டும் அந்த வழி. கழித்த டேப்பின் பெயரை நோட்டில் சிவப்பில் அடித்து, தேதி போட்டு, இருவர் கையெழுத்திட்டு, அங்கீகாரம் பெற்ற மின்கழிவு நிறுவனத்திடம் ரசீது வாங்கிக்கொண்டு கொடுங்கள்.